இரவெல்லாம் வேகும் ஓட்ஸ் கஞ்சி

படுக்கப் போகும் முன், குறைந்த சூட்டில் மணிக்கணக்கில் சமைக்கும் மின்பாத்திரமான ஸ்லோ குக்கரில் ஓட்ஸையும் தண்ணீரையும் போட்டு வைத்துவிட்டால் எழுந்ததும் சூடான கஞ்சி தயாராக இருக்கும் என்பது நல்ல யோசனைதான். ஆனால் அப்படியே நேராகப் போட்டுச் செய்தவர்களில் பலரும் காலையில் காண்பது, நடுவில் கொஞ்சம் கஞ்சியையும், ஓரமெங்கும் பழுப்பேறிக் காய்ந்து பாத்திரத்தோடு ஒட்டிக்கொண்ட தடித்த தோலையும்தான். சாப்பிட்டது பாதி, சுரண்டியது பாதி என்று ஆகிவிட்ட பிறகு அந்தப் பக்கமே போகாதவர்களும் உண்டு. தவறு ஓட்ஸில் இல்லை. பாத்திரம் சூடேறும் விதத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்ளாததில்தான் இருக்கிறது.

பெரும்பாலான ஸ்லோ குக்கர்களில் வெப்பச்சுருள் பீங்கான் பாத்திரத்தின் பக்கச் சுவரைச் சுற்றி இருப்பதால், முதலில் சூடேறுவதும் அதிகம் சூடேறுவதும் ஓரம்தான். குக்கரில் உள்ள ‘லோ’, ‘ஹை’ என்ற இரண்டு சூட்டு நிலைகளில் ‘லோ’ என்றால் கடைசிவரை மிதமான சூடு என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். பல மாடல்களில் ‘லோ’, ‘ஹை’ இரண்டுமே கடைசியில் கொதிநிலைக்குச் சற்றுக் கீழே ஏறத்தாழ ஒரே சூட்டுக்குத்தான் வந்து சேர்கின்றன, ‘லோ’வில் அதற்கு அதிக நேரம் பிடிக்கும், அவ்வளவுதான். போதாக்குறைக்கு, ஐந்தாறு லிட்டர் கொள்ளும் பாத்திரத்தில் ஒரு கப் ஓட்ஸைப் போட்டால் அது அடியில் மெல்லிய படலமாகப் பரவி நிற்கிறது. பாதிக்கு மேல் நிரம்பியிருந்தால்தான் ஒழுங்காக வேலை செய்யும் சாதனத்தில் இவ்வளவு குறைவாக வைத்து, எட்டு மணி நேரம் கிளறாமலும் விட்டால், ஓரம் கருகாமல் என்ன செய்யும்?

இதற்கு நான் நம்பும் வழி, பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைப்பது. சூடு தாங்கும் கண்ணாடிக் கிண்ணத்தையோ எவர்சில்வர் கிண்ணத்தையோ குக்கருக்குள் இறக்கி, அதில் ஒரு கப் ஸ்டீல் கட் ஓட்ஸ், நான்கு கப் தண்ணீர், அரை டீஸ்பூன் உப்பு ஆகியவற்றைச் சேர்த்து, கிண்ணத்தைச் சுற்றி அதன் பாதி உயரத்துக்குக் குறையாமல் தண்ணீர் ஊற்றி, குக்கரை மூடி ‘லோ’வில் வைத்துவிட வேண்டும். வெளியே இருக்கும் தண்ணீர் 100 டிகிரி செல்சியஸைத் தாண்டாது என்பதால் கிண்ணத்தின் ஓரமும் தாண்டாது. எனவே அடிப்பிடிக்கும் பேச்சுக்கே இடமில்லை. ஏழு, எட்டு மணி நேரம் போதும். கிண்ணம் மூடியில் இடிக்காத உயரத்தில் இருக்கிறதா, சுற்றிலும் தண்ணீர் நிற்க இடம் இருக்கிறதா என்பதை மட்டும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஓட்ஸ் வகையைப் பொறுத்தவரை நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை. உமி நீக்கிய முழு ஓட்ஸை இரண்டு மூன்று துண்டுகளாக வெட்டியதுதான் ஸ்டீல் கட். அடுப்பில் அரை மணி நேரம்வரை பிடிக்கும் அந்த உறுதியான துண்டுகள்தான் ஓர் இரவின் வேக்காட்டைத் தாங்கும். ரோல்டு ஓட்ஸ் ஆவியில் வேகவைத்து உருளையில் தட்டையாக்கப்பட்டது. சில நிமிடங்களில் வெந்துவிடும் அதை இரவு முழுவதும் வைத்தால் காலையில் கிடைப்பது போஸ்டர் ஒட்டும் பசைதான். இன்ஸ்டன்ட் வகையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். நீண்ட நேரம் வேகும்போது ஓட்ஸிலுள்ள மாவுச்சத்தும், பீட்டா குளூக்கன் என்ற கரையும் நார்ச்சத்தும் தண்ணீரில் மெல்ல இறங்குவதால், ஒரு சொட்டுப் பால் சேர்க்காமலேயே கஞ்சிக்குப் பாலாடை போன்ற வழவழப்பு வந்துவிடுகிறது. நாளொன்றுக்கு 3 கிராம் பீட்டா குளூக்கன் தரும் உணவுமுறை இதயநோய் அபாயத்தைக் குறைக்கக்கூடும் என்று ஓட்ஸ் பொட்டலங்களில் அச்சிட 1997இல் அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் அனுமதித்ததும் இந்த நார்ச்சத்தை வைத்துத்தான்.

பாலை இரவே ஊற்றுவதை நான் ஆதரிப்பதில்லை. நெடுநேரச் சூட்டில் அது திரிந்து போகவும் ஓரத்தில் பிடிக்கவும் கூடும். காலையில் சேர்த்தால் சுவையும் கெடாது. டைமர் வைத்து நள்ளிரவுக்குப் பிறகு குக்கர் தானாக இயங்கும்படி செய்பவர்கள் பாலை அறவே தவிர்க்க வேண்டும். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட சூட்டில் அது மணிக்கணக்கில் கிடந்தால் கிருமிகள் பெருகும். சர்க்கரை, தேன், முந்திரி, பாதாம் போன்ற பருப்புகள் எல்லாமே காலைக்குரியவை. இரவே போடத் தகுந்தவை உலர்திராட்சையும் ஒரு துண்டுப் பட்டையும்தான். திராட்சை நீர் குடித்து உப்பி, தன் இனிப்பில் ஒரு பங்கைக் கஞ்சிக்கும் கொடுத்துவிடும்.

காலையில் மூடியைத் திறந்ததும் மேலே மெல்லிய ஏடும், அதன் கீழே தெளிந்த நீரும், அடியில் தங்கிய ஓட்ஸும் தனித்தனியாகத் தெரியும். வேகவில்லையோ என்று பயப்பட வேண்டாம். மரக்கரண்டியால் அடியிலிருந்து மேலாக ஒரு நிமிடம் கிளறினால் ஏடு கரைந்து, நீரும் ஓட்ஸும் சேர்ந்து, கரண்டியிலிருந்து கெட்டியாக வழியும் பதத்துக்கு வந்துவிடும். ஐந்து நிமிடம் மூடி வைத்தால் இன்னும் இறுகும்.

இந்த அளவு நான்கு பேருக்குத் தாராளமாக வரும். மிஞ்சியதை அகலமான பாத்திரத்துக்கு மாற்றி, இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்துவிட்டால் மூன்று நாள் தாங்கும். கட்டியாக உறைந்திருப்பதைச் சிறிது பாலோ தண்ணீரோ விட்டு மிதமான தீயில் உடைத்துச் சூடாக்கிக்கொள்ளலாம். குக்கரின் பீங்கான் பாத்திரத்தைக் கழுவும் அவசரத்தில், சூடு ஆறுவதற்கு முன் குளிர்ந்த தண்ணீரை மட்டும் ஊற்றிவிடாதீர்கள், விரிசல் விட்டுவிடும்.