முள்ளோடையைத் தாண்டினால் ஐஜிஎஸ்டி: பில்லிங் மென்பொருளுக்கு டெஸ்ட் எழுதிய கதை

2025 செப்டம்பர் 21, ஞாயிற்றுக்கிழமை இரவு. மறுநாள் விடிந்தால் ஜிஎஸ்டியில் 12, 28 என்ற விகிதங்கள் கிட்டத்தட்ட ஒழிந்து, பெரும்பாலான பொருள்கள் 5 அல்லது 18-க்கு வந்துவிடும். சிமென்ட் 28-லிருந்து 18. நாங்கள் புதுச்சேரியில் நாலு பேர் இருக்கும் ஒரு சின்ன அலுவலகத்தில் ஹார்டுவேர், பெயின்ட், சிமென்ட் கடைகளுக்கு பில்லிங் மென்பொருள் செய்கிறோம். நிரல்மொழி சி++, திரைகளுக்குக் கியூடி. பத்து வருடத்துக்கு மேல் பலர் கைபட்டு வளர்ந்த நிரல். அன்று இரவு பதினொரு மணி வரை உட்கார்ந்து விகிதங்களை மாற்றி, நாலைந்து பில் போட்டுப் பார்த்து, சரி என்று அனுப்பிவிட்டு வீட்டுக்குப் போனேன்.

அக்டோபர் முதல் வாரம் வில்லியனூர்ப் பக்கத்துக் கடை ஒன்றிலிருந்து போன். "தம்பி, போன மாசம் வித்த சிமென்ட்டு பத்து மூட்டை திரும்பி வந்துருக்கு. ரிட்டர்ன் போட்டா 18-ன்னு காட்டுது. நான் வாங்கினது 28 ஆச்சே?" அவர் சொன்னது நியாயம். பழைய பில்லின் மேல் போடும் ரிட்டர்னுக்குப் பழைய விகிதம்தான். நான் எல்லா இடத்திலும் 28-ஐ 18 ஆக்கி வைத்திருந்தேன். "எல்லா இடத்திலும்" என்று சொல்லக்கூடாதோ, கொட்டேஷன் திரையில் ஒரு 28 அப்படியே இருந்ததை மறுநாள் இன்னொரு கடைக்காரர் கண்டுபிடித்தார்.

அண்ணாவிடம் (முதலாளிதான், ஆனால் எல்லோருக்கும் அண்ணா) போய், இனிமேல் இதற்கு யூனிட் டெஸ்ட் (நிரலின் ஒவ்வொரு துண்டும் சரியான விடை தருகிறதா என்று சோதிக்கும் சின்ன நிரல்) இல்லாமல் கைவைக்கமாட்டேன் என்றேன். "எத்தனை நாள் ஆகும்?" என்றார். ஒரு வாரம் என்றேன். ஐந்து வாரம் ஆனது.

டெஸ்ட் எழுத உதவும் கருவியைத் தேர்ந்தெடுக்க ஒரு மத்தியானம் போதுமாக இருந்தது. கேட்ச்2, டாக்டெஸ்ட், கியூடியின் சொந்த டெஸ்ட் எல்லாம் இருக்கின்றன. உதவி தேடினால் அதிகம் கிடைப்பது கூகுள்டெஸ்டுக்கு என்பதால் அதை எடுத்தேன். எங்கள் நிரல் இன்னும் சி++11-லேயே நிற்கிறது. புதிய கூகுள்டெஸ்ட் சி++17 கேட்கும். சி++11-க்கு இடம் கொடுத்த கடைசி வரிசை 1.12. அதனால் 1.12.1-ஐ இறக்கி ப்ராஜெக்ட்டின் உள்ளேயே ஒரு ஃபோல்டரில் வைத்துவிட்டேன். நிரலைக் கட்டும் கருவியான சிமேக்கின் ஃபெட்ச்கன்டென்ட் வழியாகத் தானே இறக்கிக்கொள்ள வைக்கலாம். ஆனால் ஐப்பசி மழையில் எங்கள் தெருவில் நெட் எப்போது வரும், எப்போது போகும் என்று யாராலும் சொல்லமுடியாது.

விஷுவல் ஸ்டுடியோவில் முதல் முறை கம்பைல் செய்தபோது கம்பைலான துண்டுகளை ஒன்றாக இணைக்கும் லிங்கரிலிருந்து பிழைகள் வரிசையாகக் கொட்டின. எல்என்கே 2038, ரன்டைம் லைப்ரரி பொருந்தவில்லை. கூகுள்டெஸ்ட் தன் வழக்கப்படி ரன்டைமை ஸ்டாடிக்காக, அதாவது தனக்குள்ளேயே சேர்த்து எடுத்துக்கொள்ளும், எங்கள் நிரல் தனி டிஎல்எல் ஃபைலாக எடுக்கும். 'ஜிடெஸ்ட் ஃபோர்ஸ் ஷேர்ட் சிஆர்டி' என்ற ஒரே ஒரு அமைப்பை ஆன் செய்தால் தீர்ந்துவிடும். அந்த ஒரு வரியைக் கண்டுபிடிக்க அரை நாள்.

இதெல்லாம் சில்லறை. உண்மையான வேலை எங்கே இருந்தது என்றால், டெஸ்ட் செய்வதற்குத் தனியாக எதுவுமே இல்லை. வரிக் கணக்கு முழுவதும் 'சேமி' பட்டனை அழுத்தினால் ஓடும் ஃபங்ஷனுக்குள் இருந்தது. அது டெக்ஸ்ட் பெட்டியிலிருந்து விலையை எடுக்கும், டேட்டாபேஸில் விகிதம் கேட்கும், இன்றைய தேதியைத் தானே பார்த்துக்கொள்ளும், கணக்குப் போடும், பிரிண்டருக்கு அனுப்பும். எழுநூற்றுச் சொச்சம் வரி. அதற்கு டெஸ்ட் எழுதவேண்டுமானால் திரையைத் திறந்து பட்டனை அமுக்கவேண்டும்.

அதனால் கணக்கை மட்டும் உருவி, 'கணக்கு' என்ற பெயரில் ஒரு ஸ்டாடிக் லைப்ரரி ஆக்கினேன். நிரல் தொடங்கும் இடமான மெயின் இருக்கும் ஃபைல் வெளியே. பில்லிங் நிரலும் டெஸ்ட் நிரலும் இந்த லைப்ரரியை லிங்க் செய்துகொள்ளும். (மெயின் ஃபைலையும் சேர்த்து டெஸ்ட்டுக்குள் இழுத்தால் ஒரே நிரலில் இரண்டு மெயின் ஆகிவிடும். அதையும் செய்து பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.) விகிதப் பட்டியலும் தேதியும் ஃபங்ஷனுக்கு வெளியிலிருந்து வரும்படி மாற்றினேன். தேதியை ஃபங்ஷன் தானே பார்த்துக்கொண்டிருந்தால் செப்டம்பர் 21-க்கு 28, 22-க்கு 18 என்று டெஸ்ட் எழுதவே முடியாது. இந்த உருவும் வேலைக்கு மட்டும் மூன்று வாரம். ஒவ்வொரு துண்டாக வெட்டி, ஒவ்வொரு முறையும் பழைய பில்லை எடுத்து ஒப்பிட்டு, பயந்து பயந்து செய்தேன்.

கூகுள்டெஸ்டைத் தொடுவதற்கு முன்பு, அவசரத்துக்கு அசெர்ட் (சொன்ன நிபந்தனை பொய்யானால் நிரலை நிறுத்தும் வரி) வைத்து ஒரு சின்ன நிரல் எழுதியிருந்தேன். எல்லாம் பாஸ். நூறு ரூபாய்க்கு 18 சதவீதம் என்பதில், எதிர்பார்க்கும் விடையை 81 என்று தவறாக அடித்திருக்கிறேன். அதுவும் பாஸ்! காரணம், கடைகளுக்கு அனுப்பும் ரிலீஸ் பில்டில் என்டீபக் என்ற மேக்ரோ போடப்படும். அது இருந்தால் அசெர்ட் வரிகளே காணாமல் போய்விடும். எதையும் சோதிக்காமலே இரண்டு நாள் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன்.

கூகுள்டெஸ்டுக்கு வந்தபிறகும் அதே கதை, வேறு வேஷத்தில். ஒழுங்காக இருக்கட்டுமே என்று டெஸ்ட் ஃபைல்களையும் ஒரு ஸ்டாடிக் லைப்ரரியாக வைத்தேன். ஓட்டினால் பச்சை எழுத்தில் 'பாஸ்டு'. கொஞ்சம் கூர்ந்து பார்த்தால் '0 டெஸ்ட்'. யாரும் பெயர் சொல்லி அழைக்காத ஆப்ஜெக்ட் ஃபைலை லிங்கர் லைப்ரரியிலிருந்து எடுத்துக்கொள்ளாது. டெஸ்ட்டுகளோ யாரும் அழைக்காமல் தாங்களாகப் பதிவுசெய்துகொள்பவை. அதனால் அத்தனையும் வெளியே நின்றுவிட்டன. டெஸ்ட் ஃபைல்களை நேரடியாக டெஸ்ட் நிரலிலேயே சேர்த்த பிறகுதான் எண்ணிக்கை வந்தது. அன்றிலிருந்து புது டெஸ்ட் எழுதினால் முதலில் வேண்டுமென்றே தப்பான விடையைப் போட்டு, சிவப்பு வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் சரியான விடையை எழுதுகிறேன்.

மூன்றாவது முறை ஏமாற்றியது சிடெஸ்ட், டெஸ்ட்டுகளை ஓட்டும் சிமேக்கின் துணைக் கருவி. 'எனேபிள் டெஸ்டிங்' வரியை உள் ஃபோல்டரின் சிமேக் ஃபைலில் வைத்திருந்தேன், அது மேல் ஃபோல்டரின் ஃபைலில் இருக்கவேண்டும். டெஸ்ட் எதுவும் இல்லை என்று மூன்று ஆச்சரியக்குறியோடு சொல்லிவிட்டு, வெற்றி என்ற குறியீட்டோடு வெளியேறியது. கட்டளைகளை வரிசையாக ஓட்டும் எங்கள் பேட்ச் ஃபைலும் அதை நம்பி, கடைகளுக்கு அனுப்பும் செட்டப்பைத் தயார் செய்துவிட்டது. இப்போது 'நோ டெஸ்ட்ஸ்' என்றால் பிழையாக எடுத்துக்கொள் என்று ஒரு ஆப்ஷன் சேர்த்திருக்கிறேன், சிமேக் 3.12 முதல் அது உண்டு.

இனி விடைகள். எதிர்பார்க்கும் விடை எது என்று எனக்கே தெரியாத இடங்கள் நிறைய இருந்தன. கணக்கு பார்க்கும் அக்காவிடம் போய் உட்கார்ந்தேன். அவர் ஒரு நாற்பது பக்க நோட்டில் கையால் எழுதிக் கொடுத்தார். அதில் முதல் பக்கத்திலேயே ஒரு வெடி: "ஏனாம் பார்ட்டிக்கு என்னப்பா வருது உங்க சாஃப்ட்வேர்ல?"

நான் தினமும் கடலூரிலிருந்து பஸ்ஸில் வருகிறவன். முள்ளோடை வந்தால் எல்லை. போர்டைப் பார்க்கவேண்டியதில்லை, சாராயக்கடைகளே சொல்லிவிடும். இருபது சொச்சம் கிலோமீட்டர்தான். ஆனால் புதுச்சேரிக் கடையிலிருந்து கடலூருக்கு அனுப்பும் சரக்குக்கு ஐஜிஎஸ்டி (மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்குக்கான வரி), ஏனென்றால் வேறு மாநிலம், குறியீடு 33. ஆந்திராவுக்குள் இருக்கும் ஏனாமுக்கும் கேரளக் கரையில் இருக்கும் மாஹேவுக்கும் அனுப்பினால் சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி (மத்திய அரசுக்குப் பாதி, மாநிலத்துக்குப் பாதி). அவை புதுச்சேரியேதான், குறியீடு 34.

ஜிஎஸ்டி எண் உள்ள கடை என்றால் பிரச்சினை இல்லை, முதல் இரண்டு இலக்கமே மாநிலம். எண் இல்லாதவர்களுக்கு எங்கள் நிரல் என்ன செய்தது தெரியுமா? யாரோ ஒரு புண்ணியவான் பின்கோடைப் பார்த்து, 605-ல் தொடங்கினால் புதுச்சேரி, 609602 என்றால் காரைக்கால், மற்றதெல்லாம் வெளியூர் என்று எழுதி வைத்திருந்தார். டெஸ்ட் எழுதினேன். ஏனாம் 533464, தோல்வி. மாஹே 673310, தோல்வி. விழுப்புரம் 605602, அது தமிழ்நாடு, ஆனால் புதுச்சேரி என்று வந்தது. கடைசியாக, நான் தினமும் கடந்து வரும் பிள்ளையார்குப்பம். புதுச்சேரிதான், ஆனால் பின்கோடு 607402, கடலூர் மாதிரி. அதுவும் தோல்வி. நாலும் சிவப்பு. இத்தனை வருடம் இது யார் கண்ணிலும் படவில்லை, அல்லது பட்டவர்கள் கையால் திருத்திக்கொண்டு போய்விட்டார்கள். பின்கோடை வைத்து ஊகிப்பதை எடுத்துவிட்டு, மாநிலத்தைக் கடைக்காரரே தேர்ந்தெடுக்கும்படி செய்தோம்.

அடுத்தது காசு. நிரல் முழுக்க ரூபாய் டபுளாக, அதாவது தசமப் புள்ளி உள்ள எண்ணாக இருந்தது. 1.005-ஐ நூறால் பெருக்கினால் கணினி 100.5 தராது, 100.49999999999999 தரும். ரவுண்ட் செய்தால் ஒரு காசு போய்விடும். கணக்கு லைப்ரரிக்குள் எல்லாவற்றையும் பைசாவாக, முழு எண்ணாக மாற்றினேன். அப்புறமும் ஒன்று இடித்தது. 99.50 ரூபாய் பொருளுக்கு 9 சதவீதம் 8.955, அதை 8.96 ஆக்கி இரண்டு முறை கூட்டினால் 17.92. அதே பொருள் கடலூருக்குப் போனால் 18 சதவீதம் நேராக 17.91. பிழை என்று நினைத்து அக்காவிடம் ஓடினேன். "ரெண்டு பாதியும் சமமாத்தான் இருக்கணும் தம்பி, ஒரு காசு வித்தியாசம் வரும், விடு" என்றார். அதையும் அப்படியே ஒரு டெஸ்டாக எழுதி வைத்தேன், நாளைக்கு யாராவது இதைத் 'திருத்த' வந்தால் சிவப்பு எரியட்டும் என்று.

இப்போது 140 சொச்சம் டெஸ்ட்டுகள். கணக்கு மட்டும் என்பதால் ஒரு விநாடிக்குள் ஓடி முடிகிறது. பேட்ச் ஃபைல் முதலில் இவற்றை ஓட்டும், ஒன்று விழுந்தாலும் செட்டப் உருவாகாது. திரைகளுக்கும் பிரிண்டருக்கும் இன்னும் டெஸ்ட் இல்லை. அதற்கு எனக்குப் பொறுமையும் இல்லை, அண்ணாவுக்கு அந்தச் செலவில் விருப்பமும் இல்லை.

ஒரே ஒரு டெஸ்ட் மட்டும் பாக்கி. அதே 99.50 பொருள் ஒரு பில்லில் மூன்று வரியாக வந்தால், வரிக்கு வரி ரவுண்ட் செய்து கூட்டினால் சிஜிஎஸ்டி 26.88. மொத்தத்தின் மேல் ஒரே முறை போட்டால் 26.87. கடைகளில் இரண்டு பழக்கமும் இருக்கிறது. அக்கா, "ஆடிட்டர்கிட்ட கேட்டுச் சொல்றேன்" என்றார். அதுவரை டெஸ்ட்டின் பெயருக்கு முன்னால் 'டிசேபிள்டு' என்று போட்டு நிறுத்தி வைத்திருக்கிறேன். கூகுள்டெஸ்ட் சும்மா விடுவதில்லை. ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் கடைசியில், உன்னிடம் நிறுத்தி வைத்த டெஸ்ட் ஒன்று இருக்கிறது என்று மஞ்சள் எழுத்தில் காட்டுகிறது. அதைப் பார்த்ததும் நாற்காலியைத் திருப்பி, "அக்கா, ஆடிட்டர் என்ன சொன்னார்?" என்கிறேன். "நாளைக்குக் கேக்கறேம்பா" என்கிறார்.