ஒரு குடிநீர்க் குழாய்க்கு நான்கு மாதம்

சென்ற கோடையில் எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் தண்ணீர்ப் பந்தலைப் பிரித்த அன்று, மூன்று சாக்கு நிறையக் காலி பாட்டில்களை நான்தான் கட்டி வைத்தேன். பானைத் தண்ணீர் போதாமல் பெட்டி பெட்டியாக வாங்கியவை. தமிழகத்தில் 2019 ஜனவரி 1 முதல் தண்ணீர் பாக்கெட்டுக்குத் தடை இருக்கிறது, பாட்டிலுக்கு இல்லை. 2025 ஜூனில் சென்னையில் 50 இடங்களில் இலவசக் குடிநீர் இயந்திரங்கள் வந்தன. அவற்றில் எங்கள் மேற்கு மாம்பலம் பேருந்து நிறுத்தம் இல்லை. நாமே ஒரு குழாய் வைப்போம் என்று முடிவெடுத்தோம்.

பணம் பத்தே நாளில் சேர்ந்தது. மீதிக் காலமெல்லாம் நடைபாதையில் குழாய் வைக்க அனுமதி கேட்டு அலைந்ததிலேயே பெரிதும் கழிந்தது.

முதலில் போன அலுவலகத்தில் மனுவை வாங்கி முத்திரையும் குத்தினார்கள். மூன்று வாரம் கழித்துப் போனால், "இது பஸ் போகும் சாலை, எங்களிடம் வராது" என்றார் எழுத்தர். முதல் நாளே சொல்ல அவருக்கு அரை நிமிடம் ஆகியிருக்காது. உட்புறச் சாலைக்கும் பேருந்துச் சாலைக்கும் சென்னை மாநகராட்சியில் தனித்தனிப் பிரிவுகள். உங்கள் சாலை எதில் சேரும் என்பதைக் கேட்டுக்கொண்டு மனுவை எழுதுங்கள். இரண்டாவது இடத்தில், மின்பெட்டியும் வடிகால் மூடியும் குறிக்கவில்லை என்று வரைபடத்தைத் திருப்பிவிட்டார்கள்.

அன்று மாலை சோர்ந்து உட்கார்ந்திருந்தபோது கீழ்வீட்டுப் பாட்டி கேட்டார்: "சுற்றுச்சுவர் நம்முடையதுதானே தம்பி? அதில் ஒரு மாடம் குடைந்தால் யாரைக் கேட்க வேண்டும்?" நான்கு மாதத்தில் கேட்ட ஒரே உருப்படியான யோசனை அதுதான். நிறுத்தத்தை ஒட்டியே எங்கள் சுவர். விளக்கு மாடம் போல ஒன்று குடைந்து, குழாயைத் தெருப்பக்கமும் சிந்தும் நீரை எங்கள் வாழைக்கும் திருப்பினோம்.

அடுத்த வீண் அலைச்சல் என் தவறு. பரிசோதனைக்குக் கடைப் பாட்டில் ஒன்றைக் கழுவி அதில் தண்ணீர் பிடித்துக்கொண்டு போனேன். ஆய்வுக்கூடத்தில் வாங்க மறுத்துவிட்டார்கள். கிருமிப் பரிசோதனைக்கு அவர்கள் தரும் கிருமி நீக்கிய பாட்டிலில்தான் பிடிக்க வேண்டும். பனிக்கட்டியில் வைத்து, அன்றைக்கே சேர்த்துவிடுவது நல்லது. முடிவு வரும்வரை வடிகட்டி வாங்காதீர்கள். எங்கள் தண்ணீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருந்ததால் ஆர்.ஓ. தேவைப்படவில்லை. அது கழித்துவிடும் தண்ணீரும் மிச்சம்.

கடைசிச் சிக்கல் உயரம். குழாய்க்கும் தட்டுக்கும் இடையே ஒரு சாண்தான் இருந்தது. லிட்டர் பாட்டிலைச் சாய்த்துப் பிடித்தால் முக்கால்வாசிதான் நிறைந்தது. தட்டை ஒரு முழத்துக்குக் கீழே இறக்கி, அழுத்தினால் மட்டும் திறக்கும் குழாயாக மாற்றினார் குழாய்க்காரர். முதல் ஆளாக வந்த கட்டட வேலைக்காரர் ஒருவர் நசுங்கிய இரண்டு லிட்டர் பாட்டிலை விளிம்புவரை நிரப்பி, மூடியைத் திருகி, அக்குளில் இடுக்கிக்கொண்டு பஸ் ஏறினார். அந்தக் காட்சிக்கே அத்தனை அலைச்சலும் தகும்.

நடைபாதை மனுவை நான் விடவில்லை. அடுத்த நிறுத்தத்தில் சாய்ந்துகொள்ள எந்தச் சுவரும் இல்லை. மின்பெட்டி, வடிகால் மூடி எல்லாம் குறித்த புது வரைபடத்துடன் திங்கட்கிழமை போகிறேன்.