ஜிமேட் இன்ஃபெரன்ஸ் கேள்விகளும் வீணாய்ப்போன இரண்டு மாதமும்

எம்பிஏ சேர்க்கைக்கான ஜிமேட் தேர்வை முதல் தடவை எழுதி முடித்ததும், ஆங்கில வாசிப்பையும் தர்க்கத்தையும் சோதிக்கும் வெர்பல் பகுதியில் 77 என்று திரையில் வந்தது. மற்ற இரண்டு பகுதிகளும் சொல்லும்படி இருந்ததால் அவற்றை விட்டுவிடுகிறேன். மாக் டெஸ்ட்களில் தவறவிட்ட கிரிட்டிக்கல் ரீசனிங் (சிறு பத்தியைத் தர்க்கரீதியாக ஆராயும்) கேள்விகளை ஒரு நோட்டில் எழுதிப் பார்த்தேன். பாதிக்கு மேல் இன்ஃபெரன்ஸ், அதாவது பத்தியிலிருந்து என்ன முடிவுக்கு வரலாம் என்று கேட்கும் வகை.

கோச்சிங்கில் சொல்லிக்கொடுத்தது, "பத்தியைப் படி, எது பொருத்தமாகப் படுகிறதோ அதை எடு." இரண்டு மாதம் அதை நம்பினேன். நினைத்தால் இன்னும் கோபம் வருகிறது. எது நடந்திருக்கலாம் என்று அந்தக் கேள்வி கேட்பதே இல்லை. பத்தியில் உள்ளது உண்மை என்றால் எது உண்மையாக இருந்தே தீர வேண்டும் என்றுதான் கேட்கிறது.

நான் சறுக்கிய வகைக்கு ஒரு மாதிரி சொல்கிறேன். ஒரு நிறுவனத்தின் மொத்த வருமானத்தில் சைக்கிளின் பங்கு ஓராண்டில் 40 சதவீதத்திலிருந்து 30 ஆக இறங்கியது. மொத்த வருமானமோ இரு மடங்கானது. 'சைக்கிள் வருமானம் குறைந்தது' என்று ஒரு ஆப்ஷன். கை தானாக அங்கே போகும். கணக்குப் போடுங்கள்: மொத்தம் 100 ஆக இருந்தபோது சைக்கிள் 40, மொத்தம் 200 ஆனபோது 60. கூடியிருக்கிறது! 'நிறுவனம் வேறு பொருள்களில் கவனம் செலுத்தியது' என்பதும் தப்பு. காரணம் பற்றிப் பத்தியில் ஒரு சொல் கிடையாது.

இன்னொன்று, ஊழியர்களில் பாதிக்கு மேல் பேர் பஸ்ஸில் வருகிறார்கள், பாதிக்கு மேல் பேர் சாப்பாடு கொண்டுவருகிறார்கள். இரண்டையும் செய்பவர் ஒருவராவது இருந்தே ஆக வேண்டும். இது ஒரு பதிலா என்று நான் அடித்துவிடும் ஆப்ஷன்தான் பல சமயம் சரியான விடை.

அப்புறம் ஒவ்வோர் ஆப்ஷனிடமும் ஒன்றே ஒன்று கேட்கப் பழகினேன்: பத்தி முழுக்க உண்மையாக இருந்து, இது மட்டும் பொய்யாக முடியுமா? முடியும் என்று ஒரு சூழ்நிலை கிடைத்தாலும் அடித்துவிடலாம். 'எல்லா', 'ஒருபோதும்' மாதிரி வார்த்தை வந்தாலே தப்பு என்பார்கள். அதையும் அப்படியே நம்ப வேண்டாம். பத்தியே 'எல்லா' என்று சொல்லியிருந்தால் விடையிலும் வரலாம்.

45 நிமிடத்தில் 23 கேள்வி என்பதால் ஒன்றுக்கு இரண்டு நிமிடம்கூடக் கிடைக்காது. ஆரம்பத்தில் இந்தச் சோதனைக்கே மூன்று நிமிடம் ஆனது. தினமும் பத்துக் கேள்வி போட்டுத்தான் வேகம் வந்தது. மறுபடி எழுத 16 நாள் இடைவெளி போதும் என்றாலும் நான் ஆறு வாரம் எடுத்துக்கொண்டேன்.

இரண்டாவது தடவை, சந்தேகமாக இருந்த ஒரு இன்ஃபெரன்ஸ் கேள்வியைக் குறித்து வைத்தேன். ஒரு பகுதிக்கு மூன்று விடைகள் வரை மாற்றலாம். கடைசி நாலு நிமிடத்தில் திரும்பிப் போய்ப் பார்த்தால், பத்தியில் 'சில' என்று இருக்கிறது. நான் தேர்ந்தெடுத்த விடையில் 'பெரும்பாலான'. மாற்றினேன். வெர்பல் 84.