பேர் போடாத பூட்ஸ்

நியூயார்க் மாநிலத்தில் ஆல்பனிக்கு வடக்கே, ஹட்சன் ஆற்றை ஒட்டி ஸ்டில்வாட்டர் என்று ஒரு சின்ன ஊர். விடுதலைப் போரின்போது 1777இல் அமெரிக்கர்கள் பிரிட்டிஷ் படையை மடக்கிய சாரடோகா போர்க்களம் அங்கேதான் இருக்கிறது. ஊரிலிருந்து அப்பா வந்திருந்தபோது கூட்டிக்கொண்டு போனேன். பீரங்கிகளை எல்லாம் சும்மா பார்த்துக்கொண்டே வந்தவர் ஒரு வெள்ளைக் கல் முன்னால் நின்றுவிட்டார். ஒரு பீரங்கிக் குழல், அதன்மேல் குதிரை வீரனின் இடது கால் பூட்ஸ், தளபதி தோளில் அணியும் பட்டை. அவ்வளவுதான் சிற்பம். ஆளையே காணோம்.

பின்பக்கம் உள்ள எழுத்தை வாசித்துச் சொன்னேன். புரட்சிப் படையிலேயே மிகச் சிறந்த போர்வீரர், 1777 அக்டோபர் 7 அன்று இதே இடத்தில் படுகாயம் பட்டு நாட்டுக்கு வெற்றி தேடித் தந்தவர், மேஜர் ஜெனரல் பதவியையும் வென்றவர் என்று ஏகப்பட்ட புகழ்ச்சி. "இவ்வளவு சொல்லிட்டு பேரை விட்டுட்டானுங்களேடா?" என்றார் அப்பா.

வேண்டுமென்றே விட்டதுதான். அந்தக் கால் பின்னாளில் துரோகியாகிப்போன அமெரிக்கத் தளபதி பெனடிக்ட் ஆர்னால்டுடையது.

கனடாவின் கியூபெக் நகரைத் தாக்கியபோது 1775 கடைசி நாளன்று ஏற்கெனவே குண்டு பட்ட அதே இடது கால். சாரடோகாவில் தன் மேலதிகாரியான அமெரிக்கத் தளபதி கேட்ஸோடு சண்டை போட்டு, பொறுப்பெல்லாம் பறிபோன நிலையில், யாரும் கேட்காமலே குதிரையில் ஏறிக் களத்துக்குள் பாய்ந்து பிரிட்டிஷார் பக்கம் நின்ற ஜெர்மன் கூலிப்படையின் காப்பரணைப் பிடிக்க வழிசெய்தார், அங்கேதான் குண்டும் பட்டது, செத்த குதிரையும் காலின் மேலேயே விழுந்தது. காலை எடுத்துவிடலாம் என்றதற்கு ஒப்புக்கொள்ளவில்லை. மாதக்கணக்கில் ஆல்பனி ஆஸ்பத்திரியில் கிடந்து எழுந்தபோது அந்தக் கால் குட்டையாகிவிட்டது. அந்தச் சண்டை முடிந்த பத்தே நாளில் பிரிட்டிஷ் தளபதி பர்கோய்ன் சரணடைந்தார், அதைப் பார்த்துத்தான் பிரான்ஸ் வெளிப்படையாகப் போரில் இறங்கியது. பெயரெல்லாம் கேட்ஸுக்கு.

மூன்று வருடம் கழித்து, 1780இல், அமெரிக்கர்களின் வெஸ்ட் பாயின்ட் கோட்டையை பிரிட்டிஷாரிடம் ஒப்படைக்க 20,000 பவுண்டு பேரம் பேசி மாட்டிக்கொண்டு ஓடினார் இதே ஆர்னால்டு. தன்னைவிட இளையவர்களுக்கு முதலில் பதவி உயர்வு, கணக்கு வழக்கில் குடைச்சல், கடன் என்று அவர் பக்கத்து மனக்குறைகள் நிஜம்தான். அதற்காகக் கோட்டையையா விற்பது?

1887இல் ஜான் வாட்ஸ் டி பெய்ஸ்டர் என்பவர் இந்தக் கல்லை நட்டார். துரோகிக்குச் சிலை வைக்க முடியாது, ஆனால் அந்தக் காயம் பொய்யில்லையே. அதனால் காலுக்கு மட்டும் மரியாதை. எனக்கு இது பிடித்திருக்கிறது. பூசி மெழுகாமல், கணக்கைப் பிரித்து எழுதிவிட்டார். ஒரே ஒரு தகராறு: ஆர்னால்டு மேஜர் ஜெனரல் ஆனது 1777 மே மாதமே. சாரடோகாவுக்கு அப்புறம் கிடைத்தது இழந்த பதவி மூப்புதான். புகழ்ச்சியில் கை கொஞ்சம் தாராளமாகிவிட்டது போல.

பக்கத்திலேயே விக்டரி கிராமத்தில் 155 அடி உயர சாரடோகா நினைவுத் தூண் இருக்கிறது. நான்கு பக்கமும் சிலை வைக்க மாடங்கள். மூன்றில் அமெரிக்கத் தளபதிகள் கேட்ஸ், ஸ்கைலர், மார்கன். தெற்கு மாடம் ஆர்னால்டுக்கு உரியது, அதைக் காலியாகவே விட்டிருக்கிறார்கள். போகிறவர்கள் இரண்டையும் சேர்த்தே பாருங்கள். அப்பாவுக்கு என்னவோ அந்தக் காலி மாடம் பிடிக்கவில்லை, பூட்ஸ்தான் சரி என்கிறார்.