வலது பக்கம் காலியில்லாத நோட்டு

இருபது வயதில் என்னிடம் ஒரு தடித்த நோட்டு இருந்தது. பக்கத்தின் நடுவில் கோடு போட்டு, இடது பக்கம் எங்கள் மதத்தைப் பற்றி மற்றவர்கள் கேட்கும் கேள்விகளையும், வலது பக்கம் நாங்கள் சொல்ல வேண்டிய பதில்களையும் எழுதி வைப்பேன். நாலு வருஷம் எழுதினேன், இருநூறு பக்கத்தைத் தாண்டியது. எந்த மதம் என்று இங்கே சொல்லப்போவதில்லை. சொன்னால் அந்த மதத்துக்காரர்கள் இதோடு நிறுத்திவிடுவார்கள், மற்றவர்கள் 'நான்தான் அப்பவே சொன்னேனே' என்று சந்தோஷமாக மேலே படிப்பார்கள், எனக்கு இரண்டுமே வேண்டாம்.

போன மாதம் வீடு மாறும்போது அந்த நோட்டு கைக்குக் கிடைத்தது. சிரிப்பு வரும் என்று நினைத்துத்தான் பிரித்தேன், வரவில்லை. நிஜமாகவே நன்றாக எழுதியிருக்கிறேன். மேற்கோள் இருக்கிறது, தர்க்கம் இருக்கிறது, எதிராளி அடுத்து எங்கே மடக்குவான் என்று யோசித்து அதற்கும் பதில் தயாராக இருக்கிறது. ஒரே ஒரு விஷயம்தான் உறுத்தியது. இத்தனை பக்கத்தில் வலது பக்கம் ஓர் இடத்தில்கூடக் காலியாக இல்லை, 'தெரியவில்லை' என்ற சொல் ஒரு தடவைகூட வரவில்லை.

அடிப்படைவாதிகள் மூளையைக் கழற்றி வைத்துவிட்டார்கள் என்று வெளியில் இருப்பவர்கள் சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். உள்ளே இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், என் மூளை அந்த நாலு வருஷம் உழைத்த அளவுக்கு அப்புறம் உழைத்ததே இல்லை. கணக்குப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் விடையைப் பார்த்துவிட்டு, அது வருகிற மாதிரி படிகளைப் போட்டுக்கொண்டு போவோமே, அந்த மாதிரியான உழைப்பு.

நோட்டின் நடுவில் பூமியின் வயதைப் பற்றி ஒரு பகுதி. யுரேனியம் ஈயமாக மாறும் வேகத்தை வைத்துப் பாறைகளின் வயதைக் கணக்கிடுகிறார்கள், பூமிக்கு ஏறத்தாழ 450 கோடி ஆண்டு என்கிறார்கள். அதற்கு எதிரே 'அந்த வேகம் ஆரம்பத்திலிருந்தே மாறவில்லை என்று இவர்களுக்கு எப்படித் தெரியும்?' என்று எழுதியிருக்கிறேன். உண்மையில் நல்ல கேள்விதான். அந்தத் துறைக்காரர்களே அதைக் கேட்டுக்கொண்டு, வேறு வேகத்தில் சிதையும் பொட்டாசியம் போன்ற தனிமங்களை வைத்தும் அளந்து ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள், நான்தான் அந்தப் பதிலைத் தேடிப் போகவில்லை. இரண்டு பக்கம் தள்ளி, பிரார்த்தனையால் ஒருவருக்குத் தீராத நோய் தீர்ந்த கதை. யாரோ சொன்னதாக யாரோ சொன்னது. அங்கே எந்தக் கேள்வியும் இல்லை, பக்கத்தில் நட்சத்திரக் குறிதான் இருக்கிறது. தாமஸ் கிலோவிச் என்ற உளவியலாளர் இதை அழகாகப் பிரித்துக் காட்டுகிறார். பிடித்த விஷயமாக இருந்தால் 'இதை நம்பலாமா' என்று கேட்கிறோம், பிடிக்காததாக இருந்தால் 'இதை நம்பித்தான் ஆக வேண்டுமா' என்று கேட்கிறோம். முதல் கேள்விக்கு ஒரு சின்னச் சாக்கு போதும், இரண்டாவதிலிருந்து தப்பிக்கவும் ஒரு சின்னச் சாக்கு போதும்.

அமெரிக்காவில் வில்லியம் மில்லர் என்ற விவசாயி பைபிளில் வரும் 2,300 நாட்களை ஆண்டுகளாக எடுத்துக்கொண்டு, வருஷக்கணக்கில் உட்கார்ந்து கணக்குப் போட்டு, கிறிஸ்து திரும்பி வரும் காலம் நெருங்கிவிட்டது என்று சொன்னார். அவர் வழியில் வந்தவர்கள் கடைசியில் 1844 அக்டோபர் 22 என்று தேதியே குறித்தார்கள். அந்த நாள் வந்தது, போனது. பலர் மனமுடைந்து விலகிப் போனார்கள். ஆனால் ஒரு சாரார், தேதி சரிதான், நடக்கப்போவது என்ன என்பதைத்தான் தப்பாகப் புரிந்துகொண்டோம், அன்றைக்கு நடந்தது பூமியில் இல்லை, விண்ணகத்தில் என்றார்கள். இதைப் படித்தபோது எனக்குக் கேலி செய்யத் தோன்றவில்லை. அந்த இடத்தில் நான் இருந்திருந்தால் இதைவிட நல்ல விளக்கமாக எழுதிக் கொடுத்திருப்பேன்.

புத்திசாலித்தனம் இதிலிருந்து காப்பாற்றும் என்பதும் இல்லை. 2013-இல் அமெரிக்காவில் டான் கஹான் என்ற ஆய்வாளரின் குழுவினர் ஒரே எண்களைக் கொண்ட அட்டவணையை, சிலருக்குத் தோல் களிம்பு பற்றிய ஆய்வு என்றும் சிலருக்குத் துப்பாக்கிக் கட்டுப்பாடு பற்றிய ஆய்வு என்றும் சொல்லிக் கொடுத்தார்கள். களிம்பு என்றபோது கணக்கில் கெட்டிக்காரர்கள் சரியாகச் சொன்னார்கள். துப்பாக்கி என்றதும், விடை தங்கள் கட்சிக்குச் சாதகமாக இருந்தபோதுதான் அவர்கள் கெட்டிக்காரத்தனம் ஒழுங்காக வேலை செய்தது. இது அரசியல், மதம் இல்லையே என்று கேட்கலாம். சரிதான், இந்தக் கோணல் எல்லோரிடமும் இருக்கிறது. அடிப்படைவாதம் செய்வது, அந்தக் கோணலைப் பக்தி என்று பெயரிட்டுப் பாராட்டுவது.

எங்கள் குழுவில் மூத்தவர் ஒருவரிடம் ஒரு தடவை என் சந்தேகத்தைச் சொன்னேன். வேதத்தில் ஒரே சம்பவம் இரண்டு இடத்தில் இரண்டு மாதிரி வருகிறதே என்று. அவர் கோபப்படவில்லை. ரொம்ப அன்பாக, 'சமீபமா வழிபாட்டுல கவனம் குறைஞ்சிருக்கா தம்பி?' என்று கேட்டார். கேள்விக்குப் பதில் இல்லை, கேள்வி கேட்ட எனக்குத்தான் நோய் கண்டுபிடித்தார். வீட்டுக்குப் போய் என்னையே சோதித்துக்கொண்டேன், குற்ற உணர்ச்சியில் இரண்டு நாள் சரியாகத் தூங்கவில்லை, அந்தச் சந்தேகம் அதோடு போயே போய்விட்டது. ஆறு மாதம் கழித்து என்னைவிடச் சின்னப் பையன் ஒருவன் இதே மாதிரி ஒன்றைக் கேட்டபோது, நானும் அதே அன்போடு அதே கேள்வியைக் கேட்டேன். நோட்டில் இருக்கும் எதைவிடவும் இதற்குத்தான் இப்போது வெட்கப்படுகிறேன்.

நம்பிக்கை இருந்தாலே இப்படித்தான் ஆகும் என்று நான் சொல்லவில்லை. பிரபஞ்சம் விரிகிறது என்று 1927-இலேயே எழுதிய ஜார்ஜ் லெமெத்ர் ஒரு கத்தோலிக்கப் பாதிரியார். 1951-இல் போப் பன்னிரண்டாம் பயஸ், பிரபஞ்சத்துக்கு ஒரு தொடக்கம் உண்டு என்ற பெருவெடிப்புக் கொள்கையைப் படைப்புக்குச் சான்று போலப் பேசியபோது, அதை ரசிக்காதவர் லெமெத்ர்தான். தனக்குச் சாதகமாக வந்த வாதத்தையே அவர் வேண்டாம் என்றார். என் நோட்டில் அப்படி ஒரு வரி இல்லை.

வெளியே வந்த பிறகாவது திருந்தினேனா என்றால், இரண்டு வருஷம் மதத்துக்கு எதிரான புத்தகங்களாகத் தேடிப் படித்து வரிக்கு வரி தலையாட்டினேன். மூளையின் முன்பகுதியில் காயமடைந்த வியட்நாம் போர் வீரர்களிடம் அடிப்படைவாதப் போக்கு கூடுதலாக இருந்தது என்று 2017-இல் ஓர் ஆய்வு வந்தது. தலைப்பை மட்டும் பார்த்துவிட்டு உடனே பத்துப் பேருக்கு அனுப்பினேன். அது சிந்தனையின் நெகிழ்வைப் பற்றிய ஆய்வு, மதம் ஒரு மூளைக் கோளாறு என்று அதில் எங்கும் இல்லை என்பது முழுசாகப் படித்த பிறகுதான் தெரிந்தது. பழைய நட்சத்திரக் குறியேதான், ஆள் மட்டும் கட்சி மாறியிருந்தான்.

நோட்டின் சில பக்கங்களைப் படம் எடுத்து, என்னோடு சேர்ந்து அதை எழுதிய நண்பனுக்கு அனுப்பினேன். அவன் இன்னும் அங்கேதான் இருக்கிறான், நாங்கள் வருஷத்துக்கு ஒரு தடவை பேசினால் அதிகம். 'வலது பக்கத்தைப் பார்த்தியா, ஒண்ணுகூட காலியா இல்ல' என்று கீழே எழுதியிருந்தேன். பத்து நிமிடத்தில் பதில் வந்தது. 'ஆமாடா, அதான் அருமை. முழுசா ஸ்கேன் பண்ணி அனுப்பேன், இங்க பசங்களுக்கு உதவும்.'

இன்னும் அனுப்பவில்லை.