ஹேங் ஆகிவிட்டதா? யார் யாருக்காகக் காத்திருக்கிறார்கள் என்று பாருங்கள்

இன்ஜினியரிங் மாணவர்கள் டெஸ்க்டாப் புரோகிராமையும் நெட்வொர்க்கையும் முதன்முதலாகச் சேர்த்துப் பிசைவது பெரும்பாலும் மினி புராஜெக்டில்தான். தலைப்பும் பெரும்பாலும் ஒன்றுதான், ஒரே நெட்வொர்க்கில் இருக்கும் கணினிகள் பேசிக்கொள்ளும் லேன் சாட் அப்ளிகேஷன். பைதான், டிகிண்டரில் (பைதானில் விண்டோ, பட்டன் வரையும் நூலகம்) ஒரு விண்டோ, ஒரு சாக்கெட் (நெட்வொர்க் இணைப்பின் ஒரு முனை), சனிக்கிழமை ராத்திரி. இந்த வருடம் என் அக்கா மகளின் முறை. நான் கோவையில் பில்லிங் மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன். கவுன்ட்டர் கணினியும் குடோன் கணினியும் சண்டையில்லாமல் பேசிக்கொள்ள வைப்பதுதான் அன்றாட வேலை. அதனால் சொந்தத்தில் யார் வீட்டில் சாக்கெட் எரர் வந்தாலும் போன் எனக்குத்தான் வரும்.

"மாமா, கனெக்ட் பட்டனை அமுக்குனதும் விண்டோ அப்படியே ஹேங் ஆகிடுது."

"சரி, இப்ப உன் புரோகிராம் எந்த வரில நிக்குது? யாருக்காக நிக்குது?"

இந்தக் கேள்வியை யார் கேட்டாலும் நான் திருப்பிக் கேட்பேன். ஆரம்பத்தில் வரும் நெட்வொர்க் சிக்கல்களில் பாதிக்கு மேல் இதிலேயே பிடிபட்டுவிடும். நிரல் தப்பாகக் கணக்குப் போடுவதில்லை. யாரோ ஒருவர் வராத ஒன்றுக்காகக் காத்துக்கொண்டிருக்கிறார், அவ்வளவுதான்.

அவள் விஷயத்தில், பட்டனை அமுக்கியதும் ஓடும் ஃபங்ஷனுக்குள்ளேயே சாக்கெட்டின் ரிசீவ் இருந்தது. எதிர்முனையில் இருந்து ஏதாவது வரும்வரை ரிசீவ் நகராது. டிகிண்டரின் மெயின்லூப்போ ஒரே ஆள். மவுஸ் கிளிக்கைப் பார்ப்பதும், விண்டோவைத் திரும்ப வரைவதும், பட்டனுக்குரிய ஃபங்ஷனை ஓட்டுவதும் அவரேதான். அவரை ரிசீவில் உட்கார வைத்துவிட்டால் மற்ற எதுவும் நடக்காது. ஒரு விண்டோ 5 நொடிக்கு எந்தச் செய்தியையும் கவனிக்காவிட்டால், பதில் இல்லை என்று விண்டோஸ் அதன் தலையில் எழுதிவிடும். நிரல் சாகவில்லை, காத்திருக்கிறது.

கனெக்டும் இப்படித்தான். பதிலே சொல்லாத ஒரு முகவரிக்குக் கனெக்ட் கொடுத்தால், டைம்அவுட் (இவ்வளவு நேரம்தான் காத்திருப்பேன் என்ற வரம்பு) வைக்காதவரை விண்டோஸில் சுமார் 20 நொடியும் லினக்ஸில் 2 நிமிடத்துக்கு மேலும் அது விடாமல் முயன்றுகொண்டிருக்கும். அதுவரை உங்கள் விண்டோவும் கல்.

தீர்வு எல்லோருக்கும் தெரிந்ததுதான்: ரிசீவைத் தனி த்ரெட்டில், அதாவது அதே நிரலுக்குள் இணையாக ஓடும் இன்னொரு ஓட்டத்தில், போடுவது. ஆனால் அங்கேதான் அடுத்த பள்ளம். த்ரெட்டுக்கு உள்ளிருந்தே டெக்ஸ்ட் பாக்ஸில் எழுதுவார்கள். ஓடும், நாலு நாள் நன்றாகவே ஓடும். டெமோ அன்றைக்கு உறையும். விண்டோவைத் தொடும் உரிமை மெயின்லூப் ஓடும் மெயின் த்ரெட்டுக்கு மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நெட்வொர்க் த்ரெட் வந்ததை ஒரு க்யூவில் (வரிசையில்) போடட்டும். மெயின் த்ரெட் டிகிண்டரின் ஆஃப்டர் மூலம் 100 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை க்யூவை எட்டிப்பார்த்து, இருப்பதைத் திரையில் காட்டட்டும். எட்டிப்பார்க்கும்போதும் காத்திருக்காமல் எடுக்கும் வகையைத்தான் பயன்படுத்த வேண்டும். இல்லாவிட்டால் சாக்கெட்டில் நின்றவர் க்யூவில் நிற்பார். சி ஷார்ப்பில் இதற்கு இன்வோக், ஜாவா ஸ்விங்கில் இன்வோக்லேட்டர், க்யூட்டியில் சிக்னல். சி ஷார்ப்பில் வேறு த்ரெட்டில் இருந்து தொட்டால் எரர் கொடுக்கும் சோதனையையே அணைத்துவிடும் ஒரு வரி உண்டு. இணையத்தில் அதைத் தீர்வு என்று தருகிறார்கள். புகை வருகிறது என்று அலாரத்தைக் கழற்றுகிற வேலை அது, செய்யாதீர்கள்.

இடையில் ஒரு சின்ன விஷயம். பைதான் 3-இல் ஃபங்ஷனுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம். அவளும் அனுப்பு என்று வைத்திருந்தாள், எனக்கு ரொம்பப் பிடித்தது. ஆனால் பட்டனுக்குக் கொடுக்கும்போது அனுப்பு() என்று அடைப்புக்குறியோடு கொடுத்திருந்தாள். அப்படிக் கொடுத்தால் பட்டனை உருவாக்கும்போதே ஃபங்ஷன் ஒருமுறை ஓடி முடிந்துவிடும். அப்புறம் எத்தனை முறை அமுக்கினாலும் ஒன்றும் நடக்காது. வெறுமனே அனுப்பு என்று கொடுத்தால் போதும்.

சரி, இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன்.

விண்டோ சரியானதும் அடுத்த போன். இரண்டு மெசேஜ் அடுத்தடுத்து அனுப்பினால் எதிர்முனையில் "வந்துட்டியாசாப்டியா" என்று ஒட்டிக்கொண்டு வருகிறதாம். நடுவில் கொஞ்ச நேரம் நிரலை நிறுத்திவைக்கும் ஸ்லீப் போட்டால் சரியாகிறது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள், போட்டும்விட்டாள். ஸ்லீப் போட்டுச் சரியாகிற நெட்வொர்க் நிரல் எதுவும் சரியாகவில்லை என்றுதான் அர்த்தம்.

சாக்கெட்டுக்கு அடியில் பைட்டுகளைக் கொண்டுபோகும் விதிமுறை டிசிபி, அதற்கு மெசேஜ் என்றால் என்னவென்றே தெரியாது. 1981-இல் வந்த அதன் விதி ஆவணமான ஆர்எஃப்சி 793 முதல் இன்றுவரை அது தரும் வாக்குறுதி ஒன்றுதான்: கொடுத்த பைட்டுகள் கொடுத்த வரிசையில் போய்ச் சேரும். எத்தனை சென்டில் (அனுப்பும் கட்டளையில்) கொடுத்தீர்கள் என்பதை அது நினைவில் வைத்துக்கொள்வதில்லை. இரண்டு சென்ட் ஒரே ரிசீவில் வரலாம். ஒரு சென்ட் மூன்று ரிசீவாகவும் வரலாம். சின்னச் சின்னத் துண்டுகளைச் சேர்த்து அனுப்பச் சொல்லும் நேகிள் முறை 1984-இலேயே வந்துவிட்டது. ஆகவே ஒட்டிக்கொள்வது கோளாறே அல்ல. ஒரு மெசேஜ் எங்கே முடிகிறது என்று சொல்லவேண்டியது நம் வேலை.

அதற்குப் பழகிய வழிகள் இரண்டு. ஒவ்வொரு மெசேஜின் கடைசியிலும் புதுவரிக் குறி வைப்பது ஒன்று. முன்னால் 4 பைட்டில் நீளத்தை எழுதிவிட்டு மெசேஜை அனுப்புவது இன்னொன்று. அவள் இரண்டாவதை எடுத்துக்கொண்டாள். ஆங்கிலத்தில் சோதித்தாள், அருமையாக ஓடியது. தோழி "வணக்கம்" என்று அடித்தாள். திரையில் "வண" என்று மட்டும் வந்தது. அதற்கப்புறம் எதை அனுப்பினாலும் ஒன்றுமே வரவில்லை. எரர்கூட இல்லை.

இதை உட்கார்ந்து பிரித்துப் பார்த்தோம். நீளத்தை எண்ண அவள் பயன்படுத்தியது சரத்தின் நீளம். பைதான் கணக்கில் "வணக்கம்" 7: வ, ண, க, புள்ளி, க, ம, புள்ளி. ஆனால் எழுத்தைப் பைட்டாக மாற்றும் யுடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியும் 3 பைட். கம்பியில் போனது 21 பைட். ஆங்கிலத்தில் எழுத்துக்கு ஒரு பைட் என்பதால் இரண்டு கணக்கும் ஒன்றாகவே இருந்து, தப்பு வெளியே தெரியவில்லை.

மறுமுனை "7 பைட் வரும்" என்று நம்பி 7 பைட் மட்டும் எடுத்தது. அதில் முதல் ஆறு வ, ண. ஏழாவது, அடுத்து வரும் க-வின் முதல் துண்டு. பைட்டை எழுத்தாக மாற்றும் டிகோடில் சாதாரணமாக இங்கேயே எரர் வந்திருக்கும். ஆனால் முன்பு எப்போதோ வந்த எரரை அடக்க டிகோடில் இக்னோர் (புரியாத பைட்டை விட்டுவிடு) போட்டிருந்தாள், அதனால் அந்த ஒற்றைப் பைட் சத்தமில்லாமல் தொலைந்தது. மீதி 14 பைட் உள்ளேயே கிடக்கிறது. நிரல் அதில் முதல் நான்கை அடுத்த மெசேஜின் நீளம் என்று படிக்கிறது. அந்த நான்கு பைட்டையும் எண்ணாகப் போட்டுப் பார்த்தால் 292,90,57,967. அதாவது, 292 கோடியே 90 லட்சம் பைட் வந்து சேரட்டும் என்று அந்த சாட் நிரல் பொறுமையாகக் காத்துக்கொண்டிருந்தது!

"அடுத்த மெசேஜை அனுப்புனா வராதா மாமா?"

"வரும்மா. அதுவும் அந்த 292 கோடிக்குள்ள ஒரு துளியாப் போய்ச் சேரும்."

மாற்றம் ஒரே வரி: முதலில் என்கோட் செய்துவிட்டு, அதாவது எழுத்தைப் பைட்டாக்கிவிட்டு, கிடைத்த பைட்டுகளின் நீளத்தை எண்ண வேண்டும். கூடவே, வரும் நீளம் நம்பும்படியாக இருக்கிறதா என்று பார்ப்பதும் நல்லது. சாட் மெசேஜ் 1 எம்பியைத் தாண்டினால் இணைப்பை முறித்துவிடலாம். டிகோடில் இக்னோர் போடும் பழக்கத்தை மட்டும் விட்டே ஆகவேண்டும்.

ஒரு தடவைக்கு அதிகபட்சம் 1024 பைட் என்று ரிசீவுக்குக் கொடுக்கும் வழக்கமும் தமிழில்தான் சீக்கிரம் உடையும். 1024-ஐ மூன்றால் வகுத்தால் 341 போக 1 மிஞ்சும். நீளமான தமிழ்ப் பத்தியில் வெட்டு பலசமயம் ஒரு எழுத்தின் நடுவில் விழும். இடைவெளிக்கு ஒரு பைட்தான் என்பதால் வெட்டு எங்கே விழும் என்பது மெசேஜுக்கு மெசேஜ் மாறும். சிலநேரம் ஓடும், சிலநேரம் ஓடாது. முழு மெசேஜும் சேரும்வரை பைட்டாகவே சேர்த்துவைத்து, கடைசியில் ஒரே தடவை டிகோட் செய்யுங்கள். புதுவரிக் குறி வைப்பவர்களுக்கு ஒரு நிம்மதி: யுடிஎஃப்-8இல் தமிழ் எழுத்தின் பைட்டுகள் எல்லாமே 127-க்கு மேல்தான், புதுவரியோ 10. எழுத்துக்கு நடுவில் அது தற்செயலாக வரவே வராது. அனுப்பும் பக்கத்தில் சென்டுக்குப் பதில் முழுவதையும் அனுப்பும் சென்ட்ஆல் போடுங்கள். சென்ட் கொடுத்ததில் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு திரும்பிவர உரிமை உள்ளது.

1024-ஐ 65536 ஆக்கினால் சரியாகிறதே என்பார்கள். தன் கணினிக்குள்ளேயே சோதிப்பதால் வரும் மயக்கம் அது. லினக்ஸில் லூப்பேக் (கணினி தன்னோடு தானே பேசும் வழி) ஒரே பொட்டலத்தில் 65,536 பைட் வரை கொண்டுபோகும். வைஃபையிலும் ஈதர்நெட்டிலும் வழக்கமான அளவு 1,500.

அடுத்து "என் லேப்டாப்ல ஓடுது, அவ லேப்டாப்ல வரல". இதில் எரர் செய்தியைச் சொல்லச் சொல்வேன். ரெஃப்யூஸ்டு (மறுக்கப்பட்டது) என்று சட்டென வந்தால், பெரும்பாலும் அந்தக் கணினி வரை போய்விட்டீர்கள், அந்தப் போர்ட்டில்தான் (நிரல் காத்திருக்கும் வாசல் எண்) ஆள் இல்லை. சர்வர் ஓடவில்லை, அல்லது 127.0.0.1 என்ற முகவரியில் பைண்ட் ஆகியிருக்கிறது, அதாவது அதில் மட்டும் காத்திருக்கிறது. அந்த முகவரியில் காத்திருக்கும் சர்வரிடம் அதே கணினிக்குள் இருப்பவர் மட்டுமே பேசமுடியும், கணினியின் எல்லா முகவரியிலும் காத்திருக்கும் 0.0.0.0 என்று மாற்றுங்கள். நெட்ஸ்டாட் கட்டளையை ஓட்டினால் எந்த முகவரியில் காத்திருக்கிறது என்று கண்ணாலேயே பார்க்கலாம். நெடுநேரம் கழித்து டைம்அவுட் வந்தால், வழியில் யாரோ விழுங்குகிறார்கள். முதல் சந்தேகம் விண்டோஸ் ஃபயர்வால்மேல். சர்வரை முதன்முறை ஓட்டும்போது வந்த கேள்விப்பெட்டியைப் படிக்காமல் மூடியிருப்பார்கள். அதுவும் இல்லையென்றால் ஹாஸ்டல் வைஃபை. பல இடங்களில் ஒரு கருவி இன்னொரு கருவியோடு நேரடியாகப் பேசமுடியாதபடி வைத்திருப்பார்கள். போன் ஹாட்ஸ்பாட்டில் இரண்டு லேப்டாப்பையும் போட்டுப் பாருங்கள்.

கடைசியாக, சர்வரை நிறுத்தி உடனே ஓட்டினால் "முகவரி ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது" என்று வரும் எரர். லினக்ஸில் என்றால் பெரும்பாலும் பழைய இணைப்பு, மூடியபின்னும் காத்திருக்கும் டைம்வெயிட் நிலையில் 60 நொடி கிடக்கிறது. பைண்டுக்கு முன்னால், அதே முகவரியை மறுபடி பயன்படுத்த விடும் ரீயூஸ்அட்ரஸ் ஆப்ஷனைப் போட்டால் போதும். விண்டோஸில் அதே ஆப்ஷனுக்கு வேறு குணம்: ஓடிக்கொண்டிருக்கும் இன்னொரு நிரலின் போர்ட்டிலேயே போய் உட்கார்ந்துகொள்ளும். இரண்டு சர்வரும் ஓடும், மெசேஜ் யாருக்குப் போகும் என்று சொல்லமுடியாது. அங்கே இந்த எரர் வந்தால், விண்டோவை மூடியும் சாகாத பழைய நிரல்தான் காரணமாக இருக்கும். ரிசீவில் காத்திருக்கும் த்ரெட் விண்டோ மூடியதைக் கவனிக்காது. த்ரெட்டை டீமன் (மெயின் த்ரெட் முடிந்ததும் தானும் முடிவது) ஆக்குங்கள், விண்டோ மூடும்போது சாக்கெட்டையும் மூடுங்கள். எதிராளி மூடிவிட்டுப் போனால் ரிசீவ் வெற்று பைட்டைத் திருப்பித் தரும். அதைப் பார்த்ததும் லூப்பை விட்டு வெளியே வாருங்கள், இல்லாவிட்டால் பிராசஸர் 100 சதவீதத்தில் சுற்றும். ஏற்கெனவே மாட்டிக்கொண்டது இருந்தால் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பழைய பைதானை முடித்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள்.