கொல்லைப்பக்கக் குளியலறை: வேலைக் குறிப்புகள்

மே 6

திருவையாறு வீட்டில் குளியலறை வேலை தொடங்கியாச்சு. அத்தைக்கு முழங்கால் வலி, இனி அந்த வழுக்குத் தரையில் விட முடியாது. முற்றம், இரண்டாங்கட்டு எல்லாம் தாண்டிக் கொல்லையை ஒட்டிய அறை, மூலையில் பழைய வெந்நீர் அடுப்பு. வீடு முழுக்கச் சுண்ணாம்புக் காரை, இந்த அறைக்கு மட்டும் எப்போதோ யாரோ சிமெண்ட் பூசி டைல் ஒட்டியிருக்கிறார்கள். உளி வைத்ததும் பூச்சு பாளம் பாளமாகக் கழன்று விழுந்தது. பின்பக்கம் உப்பு பூத்துக் கிடக்கிறது, உள்ளே செங்கல் இடுப்புயரத்துக்குச் சில்லென்று ஈரம், நகத்தால் கீறினால் மாவாக உதிர்கிறது.

மே 8

"வாட்டர்புரூஃப் கலந்து சிமெண்ட்லயே கனமா பூசிடலாம்மா" என்கிறார் கொத்தனார். எனக்கு மனசு ஒப்பவில்லை. இந்தச் சுவருக்கு அடியில் ஈரத்தைத் தடுக்க எதுவும் போடவில்லை, மண்ணின் ஈரம் செங்கல் வழியே ஏறத்தான் செய்யும். சுண்ணாம்புப் பூச்சு என்றால் அது வெளியே வந்து காய்ந்துவிடும், சிமெண்ட் மூடிவிட்டால் போக வழியில்லாமல் இன்னும் மேலே ஏறும். அதுவும் நம் ஊரில், ஆற்றில் தண்ணீர் வந்தால் கிணறும் ஊறும். மேட்டூரை வழக்கப்படி ஜூன் 12 திறந்தால் அதற்குள் சுவர் காய்ந்தாக வேண்டும்.

கடைசியில் ஒரு வழி கிடைத்தது. குளிக்கிற மூலையில் மட்டும் பழைய சுவரை விட்டு இரண்டு அங்குலம் தள்ளி நாலரை அங்குலச் சுவர், டைல் அதில்தான். இடைவெளியில் காற்றோட மேலும் கீழும் துளை.

மே 17

சுண்ணாம்பு வேலை தெரிந்த பெரியவர் ஒருவர் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்தார். நீற்றி ஊறவைத்த சுண்ணாம்பு, மணல், அதோடு கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர். அவர் கரண்டியைக் கவிழ்த்துப் பார்ப்பார், கலவை ஒட்டிக்கொண்டு நின்றால்தான் சுவருக்குப் போகும். கத்திரி வெயிலில் சட்டென்று உலர்ந்தால் வெடித்துவிடும் என்று நனைத்த சாக்கைத் தொங்கவிடச் சொன்னார். இது காற்றிலிருக்கும் கார்பன் டை ஆக்சைடை இழுத்து மெல்ல மெல்ல இறுகுகிற சரக்கு, அவசரப்படுத்தக் கூடாது.

மே 27

குழாய், வெஸ்டர்ன் டாய்லெட், அத்தை பிடித்து எழுந்திருக்கக் கைப்பிடி எல்லாம் முடிந்தது. தரை வாட்டம்தான் இழுத்தடித்தது. 5 அடிக்கு 1 அங்குலம் கேட்டிருந்தேன், ஒரு வாளி ஊற்றினால் வாசற்படி ஓரம் தேங்குகிறது. டைல் ஒட்டும் முன்பே பார்த்ததால் பிரித்துப் போட வைத்தேன். அப்புறம் தரைத் தண்ணீர் வெளியேறும் நானி ட்ராப்பை அடைத்து இரண்டு நாள் தண்ணீர் கட்டிப் பார்த்தோம், வெளிச்சுவரில் கசிவு இல்லை.

ஜூன் 5

புதுப் பூச்சின் அடியில் லேசாக உப்பு வெளிவருகிறது. வரட்டும், வெளியே வரத்தானே இவ்வளவும் செய்தோம். காய்ந்த பிரஷ்ஷால் தட்டிவிட்டால் போதும், கழுவினால் கரைந்து திரும்ப உள்ளே போகும். பெயிண்ட் கிடையாது, சுண்ணாம்பு வெள்ளைதான். தேக்குக் கதவு கீழே இற்றிருக்கிறது, அந்தத் துண்டை மட்டும் மாற்ற ஆசாரி வெள்ளிக்கிழமை வருகிறார்.